தெருவோரம் யாருக்கு?

மேற்கு மாம்பலத்தில் நான் வளர்ந்த தெருவுக்கு எழுபதுகளில் பிளாட்பாரம் கிடையாது. இன்று இருக்கிறது. அன்று அந்தத் தெருவில் எல்லோரும் நடந்தார்கள். இன்று தைரியம் உள்ளவர்கள் நடக்கிறார்கள். கல்லும் சிமென்ட்டும் கொட்டி, நடப்பவர்களுக்கென்றே ஒன்றைக் கட்டிய பிறகு நடப்பது ஏன் கடினமாகிப்போனது? இந்தக் கேள்வி பல வருடங்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விடியும் நேரத்தில் பால்காரர் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கறந்து கொடுப்பார். அவர் போனதும் கீரைக்காரம்மா, பிறகு கிருஷ்ணாயில் வண்டி, அதன் பின்னால் பழைய பேப்பர்காரர். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்துக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாக்கள் கிளம்பும். மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவை 1973-இல் அரசு ஒழித்துவிட்டதால், அதை இழுத்தவர்களில் சிலர் அப்போது சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு மாறியிருந்தார்கள். அலுவலகம் போகிறவர்களின் சைக்கிள் மணி ஒன்பது மணிவரை ஓயாது. சாயங்காலம் தெரு எங்களுக்கு. சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவோம். எப்போதாவது ஒரு ஸ்கூட்டர் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டு, மறுபடி அதே கட்டத்தில் நொண்டிக்கொண்டு தாவுவோம். மார்கழியில் கோலம் நடுத்தெரு வரைக்கும் போகும். எதிர் வீட்டுக் கோலமும் எங்கள் கோலமும் ஒன்றை ஒன்று தொட்டுவிடும்.

யாரும் அந்தத் தெருவை அப்படித் திட்டமிட்டுக் கட்டவில்லை. அங்கே வேகம் இல்லை, அவ்வளவுதான் காரணம். தெருவில் போன எதுவும் சைக்கிளைவிட அதிகம் விரைவாகப் போகவில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒருவர் குழந்தையைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றுவிட முடியும். அதே எடையுள்ள ஒன்று 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மோதலின் ஆற்றல் மூன்று மடங்காவதில்லை, ஒன்பது மடங்காகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு அது ஏறும் என்பது பள்ளி இயற்பியல். மனித உடலின் எலும்பு அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. எதிர் வீட்டு அண்ணனுக்குச் சிறு வயதிலேயே போலியோ. இரண்டு காலிலும் இரும்புக் காலிப்பர். வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே திறந்த சாக்கடை ஓடியது. அதன்மேல் ஒரு கருங்கல் பலகை ஆடிக்கொண்டே கிடக்கும். அதைத் தாண்ட அவர் அம்மா அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ரிக்‌ஷாவில் வைப்பார்கள். அவர் வளர்ந்தபின் அம்மாவால் தூக்க முடியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாங்கள் பாண்டி ஆடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோருக்குமான தெரு என்று நான் நினைவில் வைத்திருக்கும் அந்தத் தெரு அவருக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. என் அக்கா தட்டெழுத்து வகுப்பு முடிந்து வரும்போது விளக்குக் கம்பங்களின் மங்கல் வெளிச்சத்தில் அப்பா தெருமுனையில் போய் நிற்பார். அதுவும் அந்தத் தெருவின் குணம்தான். ஆகவே பழைய தெருவை அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை.

அப்பா அண்ணா சாலையில் இருந்த அலுவலகத்துக்குச் சைக்கிளில்தான் போவார். துரைசாமி சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, பாண்டி பஜார் வழியாகத் தியாகராய சாலையின் கடைசிவரை மிதித்துப் போவார். அந்த நாளில் சைக்கிளுக்கு விளக்கில்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனால் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் அப்பா மாலையில் அலுவலகத்தைவிட்டுக் கிளம்பும் முன் டைனமோவைச் சுழற்றிப் பார்த்துக்கொள்வார். தெருவில் மிக மெதுவாகப் போன வாகனத்தின்மீது சட்டம் அவ்வளவு கண்டிப்பாக இருந்தது. இன்று பிளாட்பாரத்தின்மேல் ஏறி நிற்கும் காருக்கு அந்தக் கண்டிப்பில் கால் பங்கு காட்டினால்கூட என் அம்மாவால் கோவிலுக்கு நடந்து போக முடியும்.

சென்னையில் 1970-இல் எடுத்த கணக்கில், நாள்தோறும் நடந்த பயணங்களில் ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில் நடந்தது. மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனத்தின் பங்கு 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2008-இல் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எடுத்த ஆய்வில் சைக்கிள் 6 சதவீதமாகத் தேய்ந்துவிட்டது. இருசக்கர வாகனம் 25 சதவீதமாக ஏறிவிட்டது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நடந்தே முடித்த பயணங்கள் 28 சதவீதம். கார் 6 சதவீதம்தான். நகரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பயணம் காலால் மட்டுமே நடக்கிறது. தெருவின் அகலத்தில் அந்தக் கால்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் தெரு மாறிய விதம் சென்னையின் ஆயிரம் தெருக்கள் மாறிய விதம்தான். எண்பதுகளில் அப்பா சைக்கிளை விற்றுவிட்டு டிவிஎஸ் 50 வாங்கினார். தொண்ணூறுகளில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டுக் குடும்பங்கள் வந்தன. வந்தவர்கள் நல்லவர்கள், எங்களைப் போன்றவர்களே. அவர்களோடு வண்டிகளும் வந்தன. தரைத்தளத்தில் கொள்ளாதவை தெருவோரத்தில் நின்றன. முதலில் இரவில் மட்டும் நின்றன. பிறகு பகலிலும் நின்றன. கடைசியில் மழைக்கு உறை போட்டு மாதக்கணக்கில் நகராமல் நின்றன. எங்கள் தெருவின் சொத்து வரியைக் கட்டும் யாரும் அந்த நிலத்துக்கு ஒரு ரூபாய்கூட வாடகை தருவதில்லை.

இதற்கு நடுவே தெருவும் மெல்ல மெல்ல மேலே ஏறியது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டார்கள். அடுத்த முறை அதற்கும் மேலே. படி ஏறிப் போன எங்கள் வீட்டுக்குள் இப்போது படி இறங்கித்தான் போக வேண்டும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்தைத் தேடி வருகிறது. இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். மிக நல்ல உத்தரவு அது. அதற்குள் பாதி சென்னையின் வாசல்கள் புதைந்துவிட்டன.

பிளாட்பாரம் வந்தது மழைநீர் வடிகாலோடு. சிமென்ட் பெட்டிபோல் வடிகாலைக் கட்டி, அதன் மூடியையே பிளாட்பாரம் என்று விட்டுவிட்டார்கள். வடிகாலுக்கு எவ்வளவு உயரம் தேவைப்பட்டதோ அவ்வளவு உயரம். சில இடங்களில் முழங்கால் அளவு. ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் முன்னால் கார் ஏற வசதியாக அது வெட்டப்பட்டு, சாய்வாகச் சரிந்து, மறுபடி எழுகிறது. பத்தடிக்கு ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். நடுவில் இ.பி. பாக்ஸ். அதைத் தாண்டினால் டிரான்ஸ்பார்மர். அதையும் தாண்டினால் யாரோ கட்டிய செடித் தொட்டி. இளைஞர்கள்கூட இதில் ஏறுவதில்லை. எல்லோரும் நிறுத்திய கார்களுக்கும் ஓடும் பைக்குகளுக்கும் நடுவே, தார் ரோட்டிலேயே நடக்கிறார்கள்.

என் அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. வாக்கர் வைத்து நடக்கிறாள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோவிலுக்கு ஆட்டோ பிடித்துத்தான் போகிறோம். "இவ்ளோ தூரத்துக்கு எதுக்கும்மா ஆட்டோ?" என்று ஓட்டுநர் கேட்பார். அம்மா பதில் சொல்ல மாட்டாள். அவள் கால் இன்னும் அந்தத் தூரம் நடக்கும். வீட்டு மொட்டை மாடியில் தினமும் அதைவிட அதிகமாக நடக்கிறாள். அவளைக் கோவிலுக்கு நடக்கவிடாமல் செய்வது அவளுடைய வயது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவளைத் தடுப்பது தெரு.

இதையெல்லாம் சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: "தெருவே சின்னது, வண்டிக்கே இடமில்லை, நடக்க எங்கே இடம் விடுவது?" நானும் பல காலம் இதை நம்பினேன். ஒருநாள் டேப்பைப் பிடித்து அளந்து பார்த்தபோது கணக்கு வேறாக இருந்தது.

எங்கள் தெரு முப்பது அடி. மீட்டரில் சொன்னால் 9-க்குச் சற்று மேல். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் திருத்தி வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் பிளாட்பாரத்தில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் உரசாமல் கடக்கும் அகலம் அது. இரண்டு பக்கமும் விட்டால் 3.6 மீட்டர். மிச்சம் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் இரண்டு கார்கள் மெதுவாக ஒன்றையொன்று தாண்டிப் போகலாம். இப்போது ஒரு காரின் அகலத்தை அளந்து பாருங்கள். அதுவும் கிட்டத்தட்ட 1.8 மீட்டர்தான். இன்று எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஓடும் வண்டிகளுக்கு நடுவில் மிஞ்சியிருப்பது அதே ஐந்தரை மீட்டர்!

அதாவது போக்குவரத்துக்கு இன்று இருக்கும் இடத்தில் ஒரு சாணையும் பறிக்காமலே எங்கள் தெருவில் நல்ல பிளாட்பாரம் போட முடியும். நடப்பவர்களுக்கும் ஓடும் வண்டிகளுக்கும் போட்டியே இல்லை. நடப்பவர்களுக்கும் நிற்கும் வண்டிகளுக்கும்தான் போட்டி. அதில் நிற்கும் வண்டி ஜெயித்திருக்கிறது. இதை யாரும் முடிவு செய்து அறிவிக்கவில்லை. யாரும் கேட்காததால் அப்படி ஆகிவிட்டது.

அந்த வழிகாட்டியைப் படித்துப் பார்த்தால் அதை எழுதியவர்கள் என் அம்மாவையும் எதிர் வீட்டு அண்ணனையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருக்கிறது. பிளாட்பாரத்தின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் அதற்குமேல் போனால் வயதானவர்கள் ஏற மாட்டார்கள். தலைக்குமேல் 2.2 மீட்டர் உயரத்துக்குக் கிளையோ பலகையோ தொங்கக் கூடாது. அகலத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுவரையும் கடை வாசலையும் ஒட்டி ஒரு பட்டை. நடுவில் நடப்பதற்கு மட்டும் ஒரு பட்டை. சாலையை ஒட்டிய மூன்றாவது பட்டையில் மரம், விளக்குக் கம்பம், இ.பி. பாக்ஸ், உட்காரும் பெஞ்சு, தள்ளுவண்டி. எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அம்மாவுக்கு அந்த மூன்றாவது பட்டையில் முறையான இடம் இருக்கிறது. இன்று அவர் நிறுத்திய பைக்குகளின் சைலன்சருக்குப் பக்கத்தில், சூட்டில் உட்கார்ந்து கட்டுகிறார். தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அவர்களை விரட்டினால்தான் நடக்க இடம் கிடைக்கும் என்று பேசுகிறவர்கள் எவ்வளவு இடத்தைக் காலிக் கார்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று பார்ப்பதில்லை. பூக்காரம்மா உட்கார்ந்திருப்பதால் அல்லவா இரவு ஒன்பது மணிக்கும் அந்த முனையைப் பெண்கள் பயமில்லாமல் கடக்கிறார்கள்!

முனை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. தெருமுனையை அகலமாக வளைத்து வெட்டினால் வண்டி பிரேக் போடாமலே திரும்பும். வளைவைச் சிறிதாக்கினால் வேகத்தைக் குறைக்காமல் திரும்ப முடியாது. கடக்கும் இடத்தில் பிளாட்பாரத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிவிட்டால் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. அங்கே கார் நிறுத்தவும் முடியாது, குறுக்கே வரும் குழந்தையும் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும். தார் ரோட்டையே பிளாட்பாரத்தின் மட்டத்துக்கு உயர்த்திக் கடக்கும் மேடை அமைத்தால் அது வேகத்தடையாகவும் இருக்கும், சக்கர நாற்காலிக்குப் பாதையாகவும் இருக்கும். இவை எதற்கும் போலீஸ்காரர் நிற்க வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கும் கல்லே வேலை செய்யும். இருபது அடிக்கும் குறைந்த சந்துகளில் தனியாகப் பிளாட்பாரம் போட முடியாதுதான். அங்கே எல்லோரும் ஒரே தளத்தில் கலந்து போகும்படி விட்டு, வண்டியின் வேகத்தை நடைக்கு அருகில் கொண்டுவர வேண்டும். என் சிறு வயதுத் தெருவில் தானாக இருந்த அந்த நிதானத்தை இன்று வடிவமைத்துத்தான் உண்டாக்க முடியும்.

இதெல்லாம் நம் ஊரில் நடக்காது என்று சொல்பவர்களை நான் பாண்டி பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போவேன். சவுந்தரபாண்டியனார் அங்காடி என்பது அதன் இன்னொரு பெயர். சின்ன வயதில் தீபாவளித் துணிக்காக அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போன இடம். ராஜகுமாரி தியேட்டர் வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் பிளாட்பாரக் கடைகள் தெரியும். பிறகு அங்கேயும் வண்டிகள் பெருகி, கடைகளுக்கும் கார்களுக்கும் நடுவே ஆட்கள் பிதுங்கினார்கள். கடைக்காரர்களைத் தனி வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். 2014-இல் சென்னை மாநகராட்சி, நாட்டிலேயே முதலாவதாக, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும், 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் பிளாட்பாரம் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கொள்கையின் முகமாக, பொலிவுறு நகரத் திட்டத்தில் புதுப்பித்த பாண்டி பஜார் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது.

வேலை நடந்தபோது கடைக்காரர்கள் பயந்தார்கள். வாசலில் கார் நிற்காவிட்டால் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான பயம். திறந்த பிறகு மாலை வேளையில் போய்ப் பார்த்தேன். அகலமான தளம், மர நிழலில் பெஞ்சுகள், சறுக்கி விளையாடும் பிள்ளைகள், கை கோத்து நடக்கும் கிழவனும் கிழவியும். சக்கர நாற்காலியில் ஒரு பெண் தானே உருட்டிக்கொண்டு துணிக்கடைக்குள் போனாள். எதிர் வீட்டு அண்ணன் இதைப் பார்க்க இல்லை என்ற துக்கம் தொண்டையை அடைத்தது.

அன்றிலிருந்து வாரத்தில் ஒரு மாலையாவது அம்மாவை அங்கே கூட்டிப் போகிறேன். ஆட்டோவில் போய், இறங்கி, நடந்து, மறுபடி ஆட்டோவில் வீட்டுக்கு வருகிறோம். நடப்பதற்காக ஆட்டோ ஏறிப் போக வேண்டிய நிலை! அப்பா அந்தத் தெரு வழியாகத்தான் சைக்கிளில் தினமும் போய் வந்தார் என்பதை அம்மா ஒவ்வொரு முறையும் சொல்கிறாள்.

பாண்டி பஜாரைக் காட்டி, வேலை முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதை ஒட்டிய சந்துகளில் போய் நின்றால், பெரிய தெருவிலிருந்து ஒதுங்கிய வண்டிகள் அங்கே அடைத்திருப்பது தெரியும். 80 சதவீதத் தெருக்கள் என்ற இலக்கின் ஆண்டு கடந்து போய்விட்டது, எங்கள் தெருவில் வடிகால் மூடிதான் இன்னும் பிளாட்பாரம். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறந்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் பெட்டியோடு பிதுங்கியவர்களுக்கு அது உண்மையாகவே உதவி. லிஃப்ட் இருக்கிறது, நகரும் படி இருக்கிறது. ஆனால் நடப்பவரைத் தரையிலிருந்து தூக்கி மேலே அனுப்புவது ஒரு தீர்வு என்று பழகிவிட்டால், தரை முழுவதும் வண்டிக்குத்தான் என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ரயிலுக்கும் பேருந்துக்கும் நடுவே பாலம் போடலாம். பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்களுக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் ஒவ்வொரு தெருவிலும் பாலம் போட முடியாது.

அரசு செய்யும் மற்ற நல்ல காரியங்கள்கூட இந்த ஓரத்தில் வந்துதான் தடுக்கி விழுகின்றன. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தரும் திட்டம் 2001-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. அருமையான திட்டம். எங்கள் பகுதிப் பெண் பிள்ளைகள் அந்தச் சைக்கிளை வாங்கி, பெரிய சாலை வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பயணம் ஒவ்வொன்றும் நடையில் தொடங்கி நடையில் முடிகிறது. நிறுத்தத்துக்குப் போகச் சாலையைக் குறுக்கே கடப்பதுதான் அந்தப் பயணத்தின் ஆபத்தான பகுதி. 2024-இல் சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிக் கொடுக்கும் வண்டி. மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி வாங்கியது. அந்தப் பேருந்து பிளாட்பாரத்தை ஒட்டி வந்து நின்றால்தான் அது சாய்வதற்குப் பொருள் உண்டு. பிளாட்பாரத்தை ஒட்டி நிற்பவை கார்களாக இருந்தால் பேருந்து நடுச்சாலையில்தான் நிற்கும்.

2022-இல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். ஒரு நாளைக்குச் சுமார் 90 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழகத்துக்கு. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் இங்கே தொடங்கியது. எத்தனையோ உயிர்களை அது மீட்கிறது. அடிபட்ட பிறகு காப்பாற்றக் காட்டும் அந்த அக்கறையை அடிபடாமல் இருக்கவும் காட்ட வேண்டும் என்று கேட்பது பேராசையா? உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்த கோவை எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் இதே கேள்வியோடுதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார் என்று நினைக்கிறேன். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத பிளாட்பாரம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகள் அகல வேண்டும் என்றும் சொன்னது.

அப்படியொரு பிளாட்பாரம் போட்டாலும், அதைத் திரும்பத் திரும்பத் தோண்டாமல் இருக்க வேண்டும். பெங்களூரில் 2014 வாக்கில் சில தெருக்களை அடியிலிருந்தே மாற்றிக் கட்டினார்கள். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றையும் பிளாட்பாரத்துக்கு அடியில் தனித்தனிக் குழாயில் போட்டு முடித்த பிறகே மேலே கல் பதித்தார்கள். செலவு அதிகம் என்று பேச்சு எழுந்தது. ஒவ்வொரு துறையும் மாறி மாறித் தோண்டி மூடும் செலவை யாரும் அந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. எங்கள் தெருவில் புதுத் தார் காய்வதற்குள் ஒரு துறை வந்து வெட்டிவிடும். வெட்டிய இடம் பள்ளமாகி, அந்தப் பள்ளத்தில் வாக்கரின் கால் இறங்கும்.

இதைப் படிக்கும் உங்கள் தெருவிலும் விரைவில் ஒருநாள் ரோலர் வண்டி வந்து நிற்கும். அது வருவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள். தமிழகத்தில் 2022-லிருந்து வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் இருக்கின்றன. கவுன்சிலர் வந்து உட்காரும் அந்தக் கூட்டத்துக்குப் பத்துப் பேராகப் போங்கள். வாக்கர் வைத்து நடப்பவரையும், பள்ளிப் பிள்ளை ஒன்றையும், தெருமுனையில் கடை போடுகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுப்பீர்களா என்று கேளுங்கள். பிளாட்பாரத்தை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், கேட்டுக்குக் கேட் உடைக்காதீர்கள், காருக்கான சாய்வைத் தெருப்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். வரைபடத்தைக் காட்டச் சொல்லி, 1.8 மீட்டர் எங்கே என்று விரலை வைத்துக் கேளுங்கள். முதலில் அந்த அகலத்தை இரண்டு ஓரத்திலும் கோடு போட்டுப் பிரித்துவிட்டு, மிச்சத்தில் வண்டிக்கு இடம் பாருங்கள் என்று வற்புறுத்துங்கள். அதோடு, உங்கள் சொந்தக் கார் இப்போது எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு நின்றால், கூட்டத்துக்குப் போகும் முன் அதை எடுத்துவிடுங்கள்.